நகர வெளிச்சத்தில் இரண்டு மங்கல் விண்மீன்கள்

சென்னைக்கு மேற்கே இருந்துகொண்டு வானம் பார்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்த வெளிச்சத்துல என்னங்க தெரியும்?"

நியாயமான கேள்வி. குத்தம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தால், கிழக்கே பூந்தமல்லி, போரூர்ப் பக்கத்து வெளிச்சம் அடிவானத்திலிருந்து நல்ல உயரம்வரை ஏறி நிற்கிறது. தென்மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள். ஊரை ஒட்டிப் பெங்களூரு நெடுஞ்சாலை, அதன் ஓரத்தில் புதிய வெளியூர்ப் பேருந்து நிலையம். பால்வீதி இங்கே கண்ணுக்குத் தெரியாது. தெளிவான இரவிலும் வெறும் கண்ணுக்கு நான்காம் தர விண்மீன்களோடு வானம் முடிந்துவிடுகிறது.

இதே கொல்லையில், எட்டு அங்குலத் தொலைநோக்கியில், ஓரியன் நெபுலாவின் நட்டநடுவில் இருக்கும் இரண்டு மங்கலான விண்மீன்களை நான் ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். உலகின் பெரிய வானியலாளர்கள் இருநூறு ஆண்டுகள் பார்க்காமல் விட்ட விண்மீன்கள் அவை. காட்டுக்குள்ளோ மலைமேலோ போனால்தான் வானியல் என்ற எண்ணம் நம் புறநகர்களில் எத்தனையோ தொலைநோக்கிகளைப் பரணில் ஏற்றிவிட்டது. அது முழு உண்மை இல்லை. நகர வெளிச்சம் நெபுலாவை விழுங்குகிறது. அதன் நடுவிலுள்ள விண்மீன்களை அந்த அளவுக்கு அதனால் விழுங்க முடியாது. அவற்றைப் பார்க்க இருட்டைவிட முக்கியமாக வேண்டியது அசையாத காற்று. அது நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எங்கே, எப்போது

ஓரியனைக் கண்டுபிடிக்க வரைபடம் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், முன்னிரவில் கிழக்கு வானில் ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் ஏறி வரும். அதுதான் வேட்டைக்காரனின் இடைவார். அதற்கு வடக்கே சிவந்த நிறத்தில் இருப்பது நம் திருவாதிரை. இடைவாரிலிருந்து தெற்கே தொங்கும் வாளிலும் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. நடுப்புள்ளியை உற்றுப் பாருங்கள், கூர்மையாக இருக்காது. கொஞ்சம் கலங்கினாற்போல் இருக்கும். அதுதான் ஓரியன் நெபுலா. மெஸ்ஸியே பட்டியலில் 42ஆம் எண்.

சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் மார்கழித் திருவாதிரையன்று முழுநிலவு ஓரியனை ஒட்டியே நிற்கும். கோயிலுக்குப் போக அருமையான இரவு, நெபுலாவுக்கு ஆகாது. அதன்பிறகு வரும் தை அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம்தான் நம் காலம். அப்போது இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் ஓரியன் உச்சிக்கு வந்துவிடும். விடிய விடியக் கண் விழிக்க வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துவிட்டு, பத்தரைக்குப் படுத்துவிடலாம்.

நெபுலாவின் நடுவில் இருப்பது என்ன?

தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸைப் போட்டுப் பாருங்கள். எட்டு அங்குலக் கண்ணாடி, 1,200 மி.மீ. குவியத்தூரம் என்றால் இது 48 மடங்கு உருப்பெருக்கம். சாம்பலும் லேசான பச்சையும் கலந்த ஒரு வெளிச்சப் பரப்பு தெரியும். புகைப்படங்களில் வரும் சிவப்பைத் தேடாதீர்கள். மங்கலான வெளிச்சத்தில் நம் கண் அந்தச் சிவப்பை உணர்வதில்லை; இரட்டை அயனி ஆக்சிஜன் உமிழும் பச்சையைத்தான் பிடிக்கிறது. அந்தப் பரப்பின் நடுவில், நெருக்கமாக நான்கு விண்மீன்கள். இந்தக் கூட்டத்துக்கு ட்ரபீசியம் என்று பெயர். மேற்கிலிருந்து கிழக்காக ஏ, பி, சி, டி என்று எழுத்திட்டிருக்கிறார்கள்.

நான்கில் பிரகாசமானது 'சி'. அதன் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 40,000 டிகிரி. நிறையில் நம் சூரியனைவிட முப்பது மடங்குக்கும் மேல். அது உமிழும் புற ஊதாக் கதிர்கள்தான் சுற்றிலும் உள்ள வாயுவை ஒளிரவைக்கின்றன. இருபது ஒளியாண்டுக்கு மேல் அகன்ற இந்த நெபுலா முழுவதற்கும் பெருமளவு அந்த ஒரே விண்மீன்தான் விளக்கு. தொலைவு சுமார் 1,340 ஒளியாண்டு. இன்றைக்கு நம் ஐபீஸில் விழும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது, எங்கள் ஊருக்கு மேற்கே காஞ்சியில் பல்லவர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். கைலாசநாதர் கோயில் அப்போது எழும்பியிருக்கவில்லை.

நான்கு விண்மீன்களை எந்தச் சின்னத் தொலைநோக்கியும் காட்டிவிடும். ஐந்தாவது 'ஈ', ஆறாவது 'எஃப்'. இந்த இரண்டும்தான் நம் இலக்கு.

இருநூறு ஆண்டுத் தேடல்

கலீலியோ 1617 பிப்ரவரியில் இந்த இடத்தைப் பார்த்து மூன்று விண்மீன்களை வரைந்துவைத்தார். சுற்றியுள்ள நெபுலாவைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. 1656இல் ஹைகன்ஸும் மூன்றைத்தான் பார்த்தார். நான்காவதை 1673இல் பிக்கார்ட் கண்டார். வில்லியம் ஹெர்ஷல் தாமே செய்த தொலைநோக்கியைக் கொண்டு 1774 மார்ச்சில் எழுதத் தொடங்கிய குறிப்பேட்டில் ஓரியன் நெபுலா முதல் இரவிலேயே இடம்பெற்றது. அவ்வளவு பேர் அவ்வளவு முறை பார்த்த இடம் இது. இருந்தும் ஐந்தாவது விண்மீன் 1826இல்தான் பதிவாகிறது. இன்றைய எஸ்டோனியாவின் தார்த்து நகரில், அன்றைய டோர்பாட்டில், ஃப்ரான்ஹோஃபர் செய்த ஒன்பதரை அங்குல லென்ஸ் தொலைநோக்கியில் வில்ஹெல்ம் ஸ்ட்ரூவ அதைக் கண்டார். ஆறாவதை 1830இல் ஜான் ஹெர்ஷல் கண்டார். அதற்குமேல் மங்கலான இரண்டைக் காண 1888வரை, கலிபோர்னியாவில் லிக் ஆய்வகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? அதைப் புரிந்துகொள்ள ஒளித்தரம் என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டவர் நம் ஊர்க்காரர் என்றே நான் சொல்லுவேன். நார்மன் போக்சன் 1856இல் இங்கிலாந்தில் இருந்தபோது அதை வகுத்தார்: ஒளித்தரத்தில் ஐந்து படி வித்தியாசம் என்றால், பிரகாசத்தில் சரியாக 100 மடங்கு. எண் கூடக் கூட விண்மீன் மங்கல். 1861இல் அவர் மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பேற்க வந்தார். வந்த சில மாதங்களிலேயே இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்தார். 1891இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் இதே சென்னை வானத்தைத்தான் பார்த்தார். அந்த ஆய்வகம் இருந்த இடம் நுங்கம்பாக்கத்தில், இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகம். 1792இல் நிறுத்திய கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறித்தபடி, இன்னும் அங்கே நிற்கிறது.

போக்சன் கணக்குப்படி 'சி' ஐந்தாம் தரம். 'எஃப்' பத்துக்குச் சற்று மேல். அதாவது 'எஃப்'ஐவிட 'சி' ஏறத்தாழ 100 மடங்கு பிரகாசம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நாலைந்து ஆர்க்செகண்ட்தான். ஒரு ரூபாய் நாணயத்தை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வைத்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ அவ்வளவு. 'ஈ'யும் 'ஏ'யிலிருந்து அதே தூரத்தில்தான் இருக்கிறது. 'ஏ' அதைவிட ஐம்பது, அறுபது மடங்கு பிரகாசம். ஆக இந்த இரண்டு விண்மீன்களும் தம்மளவில் அப்படியொன்றும் மங்கலில்லை. பதினோராம் தர விண்மீன் எட்டு அங்குலத்துக்கு எளிது. பக்கத்து விண்மீனின் கண்கூச்சமும் பின்னால் உள்ள நெபுலாவின் வெளிச்சமும்தான் இவற்றை மறைக்கின்றன. நகர வெளிச்சத்துக்கு இதில் சின்னப் பங்குதான்.

உருப்பெருக்கத்தைக் கூட்டுங்கள்

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நெபுலா ஒரு பரப்பு. நகர வெளிச்சம் ஏறிய வானமும் ஒரு பரப்பு. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அதே வெளிச்சம் இன்னும் பெரிய இடத்தில் பரவுகிறது, பரப்பு மங்குகிறது. விண்மீன் ஒரு புள்ளி. நல்ல காற்றில் அது எவ்வளவு பெருக்கினாலும் புள்ளியாகவே நிற்கும், அதன் வெளிச்சம் சிதறாது. 48 மடங்கில் ஐபீஸிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் நான்கு மி.மீ.க்குச் சற்று மேல். 6 மி.மீ. ஐபீஸைப் போட்டு 200 மடங்குக்குப் போனால் அது ஒரு மி.மீ. பின்னணி ஏறத்தாழ பதினேழு மடங்கு இருண்டுவிடுகிறது. விண்மீன் அப்படியே நிற்கிறது. கூடவே 'சி'க்கும் 'எஃப்'புக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் நாலு மடங்கு விரிகிறது.

நகரத்தில் இருப்பவர்கள் பலர் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். நெபுலா மங்கலாகத் தெரிகிறதே என்று உருப்பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். நெபுலாவின் பரப்பைப் பார்க்க அது சரி. உள்ளே இருக்கும் விண்மீன்களைப் பார்க்க 150க்குக் கீழே இறங்காதீர்கள். காற்று அனுமதித்தால் 240 வரைகூடப் போகலாம்.

இன்னொன்று, ஃபில்டர். யுஹெச்சி, ஆக்சிஜன்-3 ஃபில்டர்கள் நெபுலாவின் பச்சையை மட்டும் உள்ளே விட்டு மற்ற வெளிச்சத்தைத் தடுக்கும். நெபுலாவின் சிறகுகளைப் பார்க்க நம் ஊரில் அவை பெரிய உதவி. ஆனால் விண்மீனின் வெளிச்சம் எல்லா நிறத்திலும் வருவது. அதில் பெரும்பகுதியையும் அவை தடுத்துவிடும். 'ஈ'யையும் 'எஃப்'பையும் தேடும்போது ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நீண்ட எக்ஸ்போஷர் புகைப்படம் எடுத்தால் இவை கிடைத்துவிடாதா என்று கேட்கிறார்கள். நெபுலாவின் விளிம்புகள் பதியும் அளவுக்கு எக்ஸ்போஷர் கொடுத்தால் நடுப்பகுதி வெளுத்துப்போகும், ட்ரபீசியமே காணாமல் போய்விடும். பிரகாசமானதையும் மங்கலானதையும் ஒரே நேரத்தில் பிரித்துப் பார்ப்பதில் கண் இன்றும் அருமையான கருவி.

நம் காற்று

ஸ்ட்ரூவ 'ஈ'யைக் கண்ட டோர்பாட் வட அட்சம் 58 பாகையில் இருக்கிறது. அங்கே ஓரியன் நெபுலா உச்சிக்கு வரும்போதுகூட அடிவானத்திலிருந்து 26 பாகை உயரம்தான் ஏறும். குத்தம்பாக்கம் 13 பாகையில் இருக்கிறது. இங்கே அது ஏறத்தாழ 72 பாகை ஏறி, தலைக்குமேல் வந்து நிற்கிறது. ஸ்ட்ரூவ பார்த்த காற்றின் தடிமனில் பாதிக்கும் குறைவான காற்று வழியாக நாம் பார்க்கிறோம். லண்டனில் இருந்த ஜான் ஹெர்ஷலுக்கும் 33 பாகைக்குமேல் கிடைக்கவில்லை.

இன்னும் ஒரு அனுகூலம் இருக்கிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. டெல்லியில் தொலைநோக்கி வைத்திருப்பவர் அதன் ஊடாகத்தான் ஓரியனைப் பார்க்க வேண்டும். நாம் அதற்கு வெகு தெற்கே இருக்கிறோம். தை, மாசி இரவுகளில் காற்று அசைவே இல்லாமல், லேசான பனிமூட்டத்தோடு நிற்கும் நேரங்கள் வரும். வானம் கொஞ்சம் வெளுத்திருக்கும். விண்மீன்கள் சிமிட்டாது. அனுபவமில்லாதவர்கள் அந்த இரவுகளை விட்டுவிடுவார்கள். எனக்கு 'எஃப்' தெளிவாகக் கிடைப்பது அந்த மாதிரி இரவுகளில்தான். போகிப் புகை நாட்களை மட்டும் தவிர்க்கலாம். அந்தப் புகை தொண்டைக்கும் ஆகாது, பத்தாம் தர விண்மீனுக்கும் ஆகாது.

மேலே உள்ள காற்று நன்றாக இருந்து கீழே கெட்டால் பயனில்லை. மொட்டை மாடி பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பத்து மணிவரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூடு தொலைநோக்கிக்கு முன்னால் நெளிந்து ஏறும். கொல்லை மண்ணும் புல்லும் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டும் இருக்கிற வீட்டில் கொல்லையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டு ஏசி வெளியே தள்ளும் காற்று குறுக்கே வராத மூலையாகப் பாருங்கள். தொலைநோக்கியை ஒரு மணிநேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிடுங்கள், கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு வரட்டும். வீட்டுச் சூடு கண்ணாடியில் இருக்கும்வரை விண்மீன் கொதித்துக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, கொலிமேஷன். இரண்டு கண்ணாடிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. பிரகாசமான ஒரு விண்மீனைப் பார்வைக் களத்தின் நடுவில் வைத்து, ஃபோகஸைச் சற்று விலக்குங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நடுவொத்து இருந்தால் சரி. ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் திருகுகளைச் சரிசெய்யுங்கள். ட்ரபீசியத்துக்காகச் செய்யும் எல்லா ஏற்பாட்டிலும் அதிகப் பலன் தருவது இந்த ஐந்து நிமிட வேலைதான்.

எங்கே பார்ப்பது

நட்சத்திரம் தலைகீழாகத் தெரியும் தொலைநோக்கியிலும் இந்த வழி மாறாது. முதலில் பிரகாசமான 'சி'யைப் பிடியுங்கள். மேற்கு மூலையில் உள்ளது 'ஏ'. மோட்டார் இல்லாத தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் விண்மீன்கள் எந்தப் பக்கம் நகர்ந்து வெளியேறுகின்றனவோ அது மேற்கு. நான்கிலும் சற்று மங்கலானது 'பி'. 'ஏ'யிலிருந்து 'பி'க்கு ஒரு கோடு போடுங்கள். 'ஏ'யின் பக்கத்திலேயே, அந்தக் கோட்டுக்குச் சற்று வெளிப்புறமாக ஒதுங்கியிருப்பது 'ஈ'. அடுத்து 'ஏ'யிலிருந்து 'சி'க்கு ஒரு கோடு போட்டு, 'சி'யைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டுங்கள். அங்கே, 'சி'யின் கூச்சத்துக்குள் ஒட்டிக்கொண்டிருப்பது 'எஃப்'.

நேராக முறைத்தால் கிடைக்காது. விழித்திரையின் நடுப்பகுதியில் மங்கல் வெளிச்சத்தை உணரும் செல்கள் இல்லை. அவை ஓரத்தில்தான் நிறைய. பார்வையைப் பக்கத்தில் உள்ள இன்னொரு விண்மீன்மேல் வைத்துக்கொண்டு, கடைக்கண்ணால் அந்த இடத்தைக் கவனியுங்கள். காற்று ஒரு நொடி அடங்கும். அந்த நொடியில் சின்னப் புள்ளி ஒன்று தோன்றும், மறுபடி கரையும். பிறகு அதே இடத்தில் மறுபடி தோன்றும். மூன்று நான்கு முறை ஒரே இடத்தில் வந்தால் அது விண்மீன்தான். 200 மடங்கில் மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் விண்மீன் ஒரு நிமிடத்தில் பார்வைக் களத்தைக் கடந்துவிடும். ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், அதிர்வு அடங்கட்டும். அது நடுவைக் கடக்கும் நேரம்தான் உங்கள் நேரம்.

ஐபீஸில் கண்ணை வைப்பதற்கு முன் இருபது நிமிடமாவது போனைத் தொடாதீர்கள். குறிப்பெழுத டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை கட்டாயம். ஏரிப்பக்கத்துக் கொசு வானியலுக்கு அவகாசம் கொடுக்காது.

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் பாட்டியோடு அவ்வப்போது வருவாள். புதிதாக ஒருவருக்குக் காட்டும்போது, என்ன தெரிய வேண்டும் என்று நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் மனது அதை வரைந்துகொள்ளும். ரஃப் நோட்டில் ஒரு வட்டம் போட்டுக் கையில் கொடுத்து, தெரிவதை மட்டும் வரையச் சொல்வேன். அவளிடம், "நடுவுல நாலு விண்மீன் இருக்கும், எப்படி இருக்குன்னு வரைஞ்சு காட்டும்மா" என்று மட்டும் சொன்னேன்.

நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "மாமா, நாலுன்னு சொன்னீங்க. இங்க ஒண்ணு வந்து வந்து போவுதே, அத வரையலாமா?" என்றாள். அவள் வைத்த புள்ளி 'ஏ'க்குப் பக்கத்தில், கோட்டுக்குச் சற்று வெளியே, சரியாக அந்த இடத்தில் இருந்தது. பாட்டி நோட்டை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "உன் தாத்தா இருந்திருந்தா விடிய விடிய இங்கயே உக்காந்திருப்பாரு" என்றார். அந்தத் தாளில் தேதியும் நேரமும் எழுதி, என் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். குத்தம்பாக்கத்தில் 'ஈ' தெரிகிறது என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல சான்று அதுதான். நான் பார்த்ததைவிட, தேடாமலே அவள் பார்த்தது வலுவானது.

பார்த்த பிறகு என்ன?

அந்தச் சின்னப் புள்ளியிலேயே இரண்டு விண்மீன்கள் இருக்கின்றன. 'ஈ' ஓர் இரட்டை. ஒன்றையொன்று பத்து நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் சுற்றிவருபவை. ஒவ்வொன்றும் சூரியனைப்போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான நிறை. இன்னும் முழுப் பருவத்துக்கு வராத இளம் விண்மீன்கள். இந்த உண்மை தெரிய வந்தது இந்த நூற்றாண்டில்தான். ஸ்ட்ரூவ கண்ட புள்ளிக்குள் அது நூற்றெண்பது ஆண்டுகள் காத்திருந்தது.

'பி'யும் 'ஏ'யும்கூட ஒரே நிலையில் இருப்பவை இல்லை. 'பி' ஆறரை நாளுக்கு ஒருமுறை தன் துணையால் மறைக்கப்பட்டு, எட்டிலிருந்து எட்டரைக்கும் கீழே மங்குகிறது. 'ஏ' 65 நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரு படி மங்குகிறது. வழக்கமாக 'ஏ'யும் 'டி'யும் சமமாக இருக்கும்; மங்கும் இரவில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இவ்வளவு வெளிப்படையான மாற்றத்தை, இத்தனை பேர் பார்த்த விண்மீனில், 1970களில்தான் கண்டுபிடித்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் நெபுலாவைப் பார்த்தார்கள், விண்மீன்களின் அளவைக் குறித்துவைக்கவில்லை.

குறித்துவைத்ததால் பெயர் பெற்றவர் நம் ஊரில் ஒருவர் இருந்தார். மெட்ராஸ் வானாய்வகத்தில் போக்சனின் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. ரெட்டிகுலம் குழுவில் உள்ள ஒரு விண்மீனின் ஒளி மாறுகிறது என்பதை 1867இல் அவர் கண்டறிந்தார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. இரவுக்கு இரவு இடத்தையும் ஒளியையும் பொறுமையாகப் பதிந்த பழக்கத்திலிருந்து வந்த கண்டுபிடிப்பு அது. 1872இல் இங்கிலாந்தின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அந்த ஆய்வகத்தில் 1860களில் நிறுவிய லென்ஸ் தொலைநோக்கியின் குறுக்களவு எட்டு அங்குலம். அன்றைக்கு ஓர் அரசு ஆய்வகத்தின் பெருமைக்குரிய அளவு, இன்றைக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டுக் கொல்லையில் இருக்க முடிகிறது.

இழந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும்

விண்மீன்கள் தப்பித்துக்கொள்கின்றன என்பதால் வெளிச்சத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. ஜவ்வாது மலையில், காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கும் பக்கத்து இருட்டில் இதே எட்டு அங்குலத்தில் ஓரியன் நெபுலாவைப் பார்த்தால், இரண்டு பக்கமும் சிறகுகள் நீண்டு வளைந்து பார்வைக் களத்துக்கு வெளியே போகும். இங்கே அதில் நடுப்பகுதிதான் மிச்சம். மின்தடை வரும் இரவுகளில் தெருவிளக்கின் நேர்வெளிச்சம் இல்லாமல் கண் பழகும்போது, அந்தச் சிறகு ஒருபக்கம் கொஞ்சம் நீள்வதை இங்கிருந்தே பார்த்திருக்கிறேன். நெபுலா எங்கேயும் போகவில்லை. நம் விளக்குகள் வானத்தைப் பார்த்து எரிகின்றன, அவ்வளவுதான்.

இதற்கு விளக்கை அணைக்கச் சொல்லத் தேவையில்லை. சாலைக்கு வெளிச்சம் வேண்டும், பேருந்து நிலையத்துக்கு வேண்டும், இரவு ஷிஃப்ட் முடிந்து நடந்துவரும் பெண்களுக்குக் கட்டாயம் வேண்டும். வெளிச்சம் தரையில் விழும்படி விளக்கின் தலையைக் கீழ்நோக்கித் திருப்பி, பக்கவாட்டில் மறைப்புப் போட்டால் போதும். நீலம் கலந்த வெள்ளை எல்இடிக்குப் பதில் மஞ்சள் சாயலுள்ளது போடலாம். கண் கூசாது, வானத்தில் சிதறுவதும் குறையும். வானத்துக்குப் போகிற வெளிச்சத்துக்கும் நாம்தான் மின்கட்டணம் கட்டுகிறோம். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வான் காப்பகம் அறிவித்தபோது, அங்குள்ள கிராமத்து மக்களையே வானம் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தார்கள். குத்தம்பாக்கமும் சாதாரண ஊர் இல்லை. 1996 முதல் பத்தாண்டுகள் இளங்கோ ரங்கசாமி ஊராட்சித் தலைவராக இருந்தபோது, ஊர் கூடி முடிவெடுப்பதற்கு நாடெங்கும் பெயர் வாங்கிய ஊர். தெருவிளக்குக்கு ஒரு மறைப்பு என்பது இந்த ஊரால் பேசி முடிக்க முடியாத விஷயமில்லை. நான் பேசத் தொடங்கியிருக்கிறேன்.

அதுவரை செய்ய ஒரு நல்ல வேலை இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை எங்கே இருந்தாலும், நான்கு அங்குலமோ எட்டு அங்குலமோ கையில் எது இருந்தாலும், இந்தப் பருவத்தில் ட்ரபீசியத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: தேதியும் நேரமும், உருப்பெருக்கம், 'ஏ'யும் 'டி'யும் சமமாக இருக்கின்றனவா, 'பி' வழக்கம்போல் இருக்கிறதா, மங்கியிருக்கிறதா, 'ஈ', 'எஃப்' தெரிந்தனவா. நான்கு அங்குலத்தில் 'ஈ'யைப் பிடித்தவர்கள் உண்டு, அதனால் சிறியது என்று தயங்க வேண்டாம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், அதுவும் தகவல்தான். ஒருவர் வீட்டுக்கு மேல் மேகம் நிற்கும் இரவில் இன்னொருவர் வீட்டுக்கு மேல் இடைவெளி கிடைக்கும். நாலைந்து பேர் மாசிவரை இப்படி எழுதிவைத்து ஒன்றுசேர்த்தால், 'பி' எந்தெந்த இரவில் மங்கும் என்று அடுத்த மார்கழிக்கு நம் சொந்தக் கணக்கிலேயே நாள் குறித்துவிடலாம்.